எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது? பழைய சோதனைக் கருவிகளும் அவற்றின் மின்தேக்கிகளும்

பழைய ஆசிலாஸ்கோப் ஒன்றை யாராவது வாங்கிவந்து மூடியைத் திறந்தால், சுற்றி நிற்பவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் (கண்டன்சர்கள்) அத்தனையையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் தூக்கம் வரும். நாற்பது வருஷப் பொருள், இன்றைக்கு ஓடினாலும் நாளைக்குப் போகத்தான் போகிறது, திறந்ததுதான் திறந்தோம், மொத்தமாக முடித்துவிடுவோம் என்பது அவர்கள் வாதம். ஓடுகிற கருவியில் கைவைக்காதே, போனதை மட்டும் மாற்று என்பது மறுகட்சி. இரு தரப்பிடமும் அனுபவக் கதைகள் உண்டு. எல்லாம் நடந்த கதைகள்தான். அதனாலேயே இந்த வழக்கு தீர்ப்பில்லாமல் இழுத்துக்கொண்டே போகிறது.

இரண்டு கட்சியுமே வயதை வைத்துப் பேசுகின்றன. ஆனால் வயது இங்கே அரைகுறைச் சாட்சிதான். 1960களில் செய்த, கைக்கு அடங்காத பெரிய அலுமினிய டப்பா மின்தேக்கி இன்று அளந்தாலும் தன்மேல் எழுதியிருக்கும் மதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டுவதுண்டு. 1990ஐ ஒட்டிச் செய்த, மிளகு உருண்டையைவிடக் கொஞ்சம் பெரிய இன்னொன்று, அதைவிட முப்பது வயது இளையது, கசிந்து போர்டையே அரித்துவிட்டிருக்கும். எந்த வகை மின்தேக்கி, சுற்றில் அதற்கு என்ன வேலை, அது செத்தால் கூட எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். மாற்றுவதா விடுவதா என்பது பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும். இந்தக் கட்டுரை அந்த வழியில் வகை வகையாகப் பார்க்கிறது. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் டெக்ட்ரானிக்ஸ் கருவிகளிலிருந்தே எடுத்திருக்கிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1946இல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் ஆசிலாஸ்கோப்புகள் உலகமெங்கும் ஆய்வகங்களில் இருந்தன. சுற்றுப்படம், ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கவேண்டிய வோல்ட், சுற்று இயங்கும் விதம் என எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொடுத்த கையேடுகளும் இன்றுவரை கிடைக்கின்றன.

முதலில் மின்தேக்கி ஏன் கிழடாகிறது என்பதைப் பார்த்துவிடலாம். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் மின்காப்பாக இருப்பது அலுமினியத் தாளின் மேல் வேதிமுறையில் வளர்த்த ஆக்சைடு ஏடு. ஒரு வோல்ட்டுக்கு ஒன்றரை நானோமீட்டர்கூட இருக்காது, அவ்வளவு மெல்லியது. அதனால்தான் சிறிய டப்பாவுக்குள் ஆயிரக்கணக்கான மைக்ரோஃபாரடை அடைக்க முடிகிறது. ஆக்சைடின் மறுபக்கத்தைத் தொடுவது காகிதத்தில் ஊறிய மின்பகுளி என்ற திரவம். அந்தத் திரவம் ரப்பர் அடைப்பின் வழியே ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேறுகிறது. திரவம் குறையக் குறைய மின்தேக்குத்திறன் சரிகிறது. அதைவிட வேகமாக ஏறுவது உள் தொடர் மின்தடை. பழுதுபார்ப்பவர்கள் இதை இ.எஸ்.ஆர். என்பார்கள். மின்தடை ஏறினால் சூடு ஏறும். சூடு ஏறினால் திரவம் இன்னும் வேகமாகக் காயும். கடைசிக் கட்டம் மளமளவென்று வந்துவிடுவது இதனால்தான்.

சூட்டுக்கும் ஆயுளுக்கும் உள்ள கணக்கு எளியது: வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதிய மின்தேக்கி அந்தச் சூட்டில் மூன்று மாதம்கூடத் தாங்காது. 65 டிகிரியில் அதுவே 32,000 மணி நேரம். 45 டிகிரியில் 1,28,000 மணி நேரம், அதாவது நிறுத்தாமல் ஓடினாலும் 14 ஆண்டுக்கு மேல். ஒரே கருவிக்குள் விசிறிக் காற்று படும் இடத்தில் இருப்பதும், சூடான பவர் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதும் ஒரே நாளில் பிறந்திருந்தாலும் ஒரே வயதில் இல்லை. மூடியைத் திறந்ததும் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவற்றை.

இனி, தயங்காமல் கழற்றுங்கள் என்று நான் சொல்லும் வகைகள். அவற்றில் முதலிடம் மின் நுழைவாயிலில் இருக்கும் காகித மின்தேக்கிக்கு. ஸ்வீடனின் ரிஃபா நிறுவனம் செய்த பி.எம்.இ. 271 வரிசை இதில் பெயர்போனது. தேன் நிறத்தில் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் எபாக்சி உறைக்குள் உலோகப் பூச்சிட்ட காகிதச் சுருள் இருக்கும். மின்கம்பி வழியே வரும், வெளியே போகும் இரைச்சலை வடிகட்டுவது அதன் வேலை. 1970கள் முதல் 1990கள் வரை ஐரோப்பிய, அமெரிக்கக் கருவிகளில் எங்கும் இருந்தது. 1981இல் வந்த பிபிசி மைக்ரோ கணினியின் பவர் சப்ளையிலும் இதுதான். ஆண்டுகள் செல்ல அந்த எபாக்சி உறையில் மயிரிழைபோல விரிசல்கள் விழும். அவற்றின் வழியே காற்றின் ஈரம் உள்ளே போகும். காகிதம் ஈரத்தை விடாமல் குடிக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு அலமாரியில் கிடந்த கருவியை ஒருநாள் எடுத்துச் செருகினால் முதல் சில நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு பட்டென்று ஒரு சத்தம், அறை முழுவதும் புகை, நாள்கணக்கில் போகாத நாற்றம். பல கருவிகளில் இந்த மின்தேக்கி சுவிட்சுக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே கருவியை இயக்க வேண்டியதுகூட இல்லை, செருகினாலே போதும்.

பெரும்பாலும் கருவிக்கு வேறு சேதம் வராது என்பது உண்மைதான். ஆனாலும் இருநூறு முந்நூறு ரூபாய் வேலையைத் தள்ளிப்போட்டு வீட்டைப் புகைமண்டலமாக்குவதில் எந்தச் சிக்கனமும் இல்லை. மாற்றாகப் போடுவது எக்ஸ்2 சான்று பெற்ற பாலிபுரொப்பிலீன் மின்தேக்கியாக இருக்கவேண்டும். மின்கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே இருப்பதென்றால் ஒய் சான்று பெற்றது. இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சாதாரண 630 வோல்ட் மின்தேக்கியைப் போட்டாலும் தாங்குமே என்று கடைகளில் சொல்வார்கள். மின்கம்பியில் திடீரென்று எழும் பல ஆயிரம் வோல்ட் அலைகளைத் தாங்குவதாகவும், செத்தால் தீப்பிடிக்காமல் சாவதாகவும் சோதித்துக் கொடுத்த சான்றுதான் எக்ஸும் ஒய்யும். ஒய் வகையில் கேள்வி மனித உயிர்பற்றியது: அது உள்ளுக்குள் இணைந்துபோனால் கருவியின் உலோக உடலில் 230 வோல்ட் ஏறும். சில கருவிகளில் நுழைவாயில் ஃபில்டர் மூடிய உலோகப் பெட்டியாக வரும். அதற்குள்ளும் இதே காகிதச் சுருள் இருக்கலாம். பெட்டியோடு மாற்றுவதே வழி.

அடுத்தவை வால்வுக் காலத்துக் காகித மின்தேக்கிகள். மெழுகில் தோய்த்தவை, எண்ணெயில் ஊறவைத்துக் கறுப்பு வார்ப்புக்குள் அடைத்தவை. 1926இல் தொடங்கிய ஸ்பிரேக் நிறுவனத்தின் ‘பிளாக் பியூட்டி’ வகை 1950களின் கருவிகளில் ஏராளம். அந்த நிறுவனம் இருந்த நார்த் ஆடம்ஸ் நகரத் தொழிற்சாலைக் கட்டடங்கள் இன்று ‘மாஸ் மோகா’ என்ற நவீனக் கலைக்கூடம். கட்டடங்கள் பிழைத்த அளவுக்கு உள்ளே செய்த பொருள் பிழைக்கவில்லை. இந்த வகையைச் சாதாரண மல்டிமீட்டரில் அளந்தால் ஏமாந்துபோவோம். மீட்டர் ஒன்றிரண்டு வோல்ட்டில் அளக்கிறது. தேக்குத்திறன் சரியாகவே இருப்பதாகச் சொல்லும். கசிவு வெளிப்படுவது வேலை செய்யும் வோல்ட்டில், அதாவது 200, 300 வோல்ட்டில்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இரண்டு வால்வு நிலைகளுக்கு இடையே நிற்கும் இணைப்பு மின்தேக்கியின், அடுத்த வால்வின் கிரிட் என்ற கட்டுப்பாட்டு முனைக்குப் போகும் காலை மட்டும் கழற்றி, அந்தக் காலுக்கும் நிலத்துக்கும் இடையே டிஜிட்டல் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்துக் கருவியை இயக்க வேண்டும். மீட்டரின் உள் மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். மின்தேக்கியின் மறுபக்கம் 250 வோல்ட் இருக்க, மீட்டர் 5 வோல்ட் காட்டினால் அரை மைக்ரோ ஆம்பியர் கசிகிறது என்று பொருள். அரை மைக்ரோ ஆம்பியர் பெரிய விஷயமா? கிரிட் மின்தடை 1 மெகா ஓம் என்றால் அங்கே அரை வோல்ட் நேர்மின்னழுத்தம் எப்போதும் ஏறி நிற்கும். மைனஸ் இரண்டு வோல்ட்டில் இருக்கவேண்டிய வால்வு மைனஸ் ஒன்றரையில் நிற்கும், கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், சூடாகும், ஆயுள் குறையும். வால்வு போய்விட்டது என்று சொல்லி வால்வை மாற்றுவார்கள். புது வால்வும் அதே வழியில் போகும். ஒரு கருவியில் இப்படி ஒன்றிரண்டு கசிவதாகத் தெரிந்தால் அதே வகை, அதே வரிசை அத்தனையையும் மாற்றிவிடலாம். இந்த இடத்தில் மொத்தமாக மாற்றும் கட்சியோடுதான் நான். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் மின்தேக்கி, அதே மதிப்பு, அதே அல்லது கூடுதல் வோல்ட். ஒருமுறை போட்டால் அந்த இடத்தை மறந்துவிடலாம்.

1960களின் எண்ணெய் மின்தேக்கிகளைப்பற்றி ஒரு எச்சரிக்கை. பெரிய உலோகப் பெட்டிகளில் பாலிகுளோரினேட்டட் பைபினைல் என்ற நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவில் 1979இல் இதன் உற்பத்திக்குத் தடை வந்தது. ஒழுகும் பெட்டியை வெறுங்கையால் தொடாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள்.

மூன்றாவது வகை வயதில் இளையது, குணத்தில் கொடியது. 1980களின் கடைசியில் கருவிகள் சுருங்கத் தொடங்கின. துளையில்லாமல் போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் சிறு அலுமினிய மின்தேக்கிகள் வந்தன. அந்தக் காலத்தில் குறைந்த மின்தடைக்காகச் சில தயாரிப்பாளர்கள் பயன்படுத்திய குவாட்டர்னரி அம்மோனியம் உப்பு மின்பகுளி, ரப்பர் அடைப்பையும் கால்கம்பி நுழையும் இடத்தையும் மெல்லத் தின்று வெளியே வந்துவிடும். மேலே இருந்து பார்த்தால் டப்பா பளபளப்பாக, உப்பாமல், ஒழுங்காகவே இருக்கும். ஒழுகல் அடிவயிற்றில். பற்றவைப்புக்கோலை வைத்ததும் மீன் வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம்.

டெக்ட்ரானிக்ஸ் 2465பி இதற்கு நல்ல பாடம். 1980களின் மிகச் சிறந்த அனலாக் ஆசிலாஸ்கோப்புகளில் ஒன்று. 400 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். பிந்தைய வரிசை எண் கொண்டவற்றில் ஏ5 என்ற கட்டுப்பாட்டு போர்டு மேற்பரப்பு உறுப்புகளுக்கு மாறியது. அந்த போர்டில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இந்த வகை மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை ஒழுகினால் பக்கத்து ரெசிஸ்டர்களின் முனைகள் கறுக்கும், செம்புத் தடங்கள் பச்சை பூக்கும், போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளைகள் உள்ளுக்குள் அறுபடும். அதே போர்டில்தான் அளவுத்திருத்த எண்களைக் காக்கும் நினைவகமும் இருக்கிறது. ஒரு சில ரூபாய்ப் பொருள் எத்தனை பெரிய கருவியைச் சாய்க்கிறது பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் வந்த டி.டி.எஸ். வரிசை டிஜிட்டல் ஆசிலாஸ்கோப்புகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே போர்டு நிறைய இவைதான். இயக்கியதும் வரும் சுயசோதனையில் தோல்வி என்ற செய்தி வந்தால் பெரும்பாலும் காரணம் இந்த ஒழுகல்.

இந்த வகையில் ‘ஓடுகிறதே, ஏன் தொடவேண்டும்’ என்பது நாச வழி. ஓடும்போதே ஒழுகிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் எடுங்கள், இன்றைக்கே எடுங்கள். எடுக்கும்போது வெப்பக்காற்றுத் துப்பாக்கியை நேரே காட்டினால் உள்ளே இருக்கும் திரவம் கொதித்துத் தெறிக்கும். இரண்டு பற்றவைப்புக்கோல்களை இருபுறமும் வைத்து ஒருசேர உருக்கித் தூக்குவது நிதானமான முறை. பிறகு போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் வெதுவெதுப்பான நீராலும் பலமுறை கழுவி, நன்றாக உலர்த்தி, ஒவ்வொரு தடத்தையும் மீட்டரால் தொட்டுப் பார்த்த பிறகே புதியதைப் பற்றவைக்க வேண்டும். கழுவாமல் மாற்றுவது பாதி வேலை. போர்டில் தங்கிய மின்பகுளி புது மின்தேக்கியின் கீழும் அரித்துக்கொண்டே இருக்கும்.

டாண்டலத்துக்கு வந்தால் வழக்கு கொஞ்சம் சிக்கலாகும். 1970களின் கருவிகளில் வண்ணச் சொட்டுபோலத் தொங்கும் சின்ன உருண்டைகள் இவை. உள்ளே திரவம் கிடையாது. மாங்கனீஸ் டைஆக்சைடு என்ற திடப்பொருள். ஆகவே காய்வதில்லை, நன்றாக இருந்தால் பல ஆண்டு நன்றாகவே இருக்கும். செத்தால் இரு முனையும் ஒன்றாகிச் சாகும். சூட்டில் மாங்கனீஸ் டைஆக்சைடு ஆக்சிஜனை விடுவதால் சில சமயம் தீயோடு சாகும். 1972இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 465ஐ எடுத்துக்கொள்வோம். அதில் 110, 55, 15, 5, மைனஸ் 8 என ஐந்து முக்கிய மின்வரிசைகள். இவற்றில் ஒன்று பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டால் அனுபவசாலி முதலில் தேடுவது அந்த வரிசைக்கும் நிலத்துக்கும் இடையே இணைந்துபோன ஒரு டாண்டலத்தைத்தான். பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடுவதால் பெரும்பாலும் வேறு எதுவும் போவதில்லை. போனதைக் கண்டுபிடித்து மாற்றினால் கருவி எழுந்துவிடும்.

அப்படியானால் எல்லா டாண்டலத்தையும் முன்கூட்டியே மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். எது எப்போது சாகும் என்று அளந்து சொல்ல வழியில்லை, அந்த அளவுக்கு முதல் கட்சி சொல்வது சரி. ஆனால் நூறு உருண்டைகளை மாற்றும்போது நாற்பதாண்டுப் பழைய போர்டில் இருநூறு பற்றவைப்புகளைத் தொடுகிறோம். அதில் இரண்டு மூன்று செம்புத் தடம் பெயர்ந்து வருவது நிச்சயம். வோல்ட் நெருக்கடியில் இருப்பவற்றை, அதாவது 15 வோல்ட் வரிசையில் 20 வோல்ட் உருண்டை நிற்கும் இடங்களை மட்டும், 35 வோல்ட் உள்ளதாக மாற்றுவது நடுவழி. டாண்டலத்தை அதன் வோல்ட்டில் பாதிக்குமேல் நெருக்காதே என்பது பொறியாளர்களின் பழைய விதி. அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் அதை எப்போதும் மதிக்கவில்லை.

இரண்டாம் கட்சி முழுதாக வெல்லும் இடம் பெரிய டப்பா மின்தேக்கிகள். மேலோரி, சங்காமோ, ஸ்பிரேக் செய்த ‘கம்ப்யூட்டர் கிரேடு’ வகைகள் திருகு முனையோடு வரும். உள்ளே திரவம் தாராளம், அடைப்பு தடிமன், உள்ளே ஓடும் மின்னோட்டத்தைவிடப் பல மடங்கு தாங்கும் திறன். ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் இவற்றில் பல நன்றாக இருக்கின்றன. புதியது என்ற பெயரில் நாம் போடும் மலிவுச் சரக்கு இன்னும் பத்தாண்டு தாங்குமா என்பது ஐயம். இவற்றைக் கழற்றுமுன் அளப்பது கட்டாயம். அளக்க மிக எளிய இடம் பவர் சப்ளையின் ரிப்பிள், அதாவது டி.சி.யின் மேல் எஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம். முழு அலை ரெக்டிஃபையரில் மின்னோட்டத்தை, மின்வழங்கலின் இருமடங்கு அலைவெண்ணாலும் தேக்குத்திறனாலும் வகுத்தால் ரிப்பிள் கிடைக்கும். அரை ஆம்பியர், 5,000 மைக்ரோஃபாரட் என்றால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் 1 வோல்ட். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் 0.83 வோல்ட். அமெரிக்கக் கருவி இங்கே கொஞ்சம் அதிக ரிப்பிள் காட்டுவது பழுதல்ல, கணக்கு. 2 வோல்ட் காட்டினால் மின்தேக்கி பாதி போய்விட்டது. அமெரிக்கக் கருவி என்றால் இன்னொன்றும் உண்டு. செருகுமுன் பின்புறமோ உள்ளேயோ இருக்கும் வோல்ட் தேர்வு 115இல் நிற்கிறதா 230இல் நிற்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் செருகிவிட்டு மின்தேக்கியைக் குறை சொல்வதில் பயனில்லை.

நெடுநாள் ஓடாமல் கிடந்த கருவியில் ஆக்சைடு ஏடு சற்றே கரைந்திருக்கும். ஒரு மின்தடை வழியே வோல்ட்டை மெல்ல மெல்ல ஏற்றினால், கசிவு மின்னோட்டமே ஏட்டை மறுபடி வளர்த்துவிடும். கசிவு குறைந்துகொண்டே வந்தால் தேறிவிடும். ஒரு கட்டத்துக்குமேல் குறையாமல் நின்றாலோ டப்பா சூடானாலோ கதை முடிந்தது. இந்த வைத்தியம் கரைந்த ஏட்டுக்குத்தான், காய்ந்த திரவத்துக்கு இல்லை. கருவி முழுவதையும் வேரியாக் என்ற, வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் வைத்து வோல்ட்டை ஏற்றுவது பலருக்குப் பழக்கம். ஆனால் வால்வு ரெக்டிஃபையர் உள்ள கருவியில் வால்வு சூடாகும்வரை மின்தேக்கிக்கு ஒன்றுமே போகாது. பிறகு ஒரேயடியாகப் போகும். 2465 போன்ற சுவிட்ச் மோட் பவர் சப்ளைக்கோ குறைந்த வோல்ட்டே தொல்லை. ஆகவே சந்தேகத்துக்குரிய மின்தேக்கியைத் தனியே இணைத்துத் தேற்றுவதே நல்லது. முதல் முறை செருகும்போது எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லாம்ப் போதும். உள்ளே எங்காவது நேரடி இணைப்பு இருந்தால் பல்ப் பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும்.

மைக்கா, செராமிக், பாலிஸ்டைரீன் வகைகளைப்பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பெரும்பாலும் கிழடாவதில்லை, தொடாதீர்கள். குறிப்பாக ஆசிலாஸ்கோப்பின் நேர அச்சைத் தீர்மானிக்கும் மின்தேக்கிகள் ஒன்றோடொன்று பொருத்தித் தேர்ந்தெடுத்த தொகுதிகள். கடையில் வாங்கிய ஐந்து சதவீதப் பொருளை அங்கே வைத்தால் ஒரு மைக்ரோவினாடி ஒரு மைக்ரோவினாடியாக இருக்காது. பழைய எலக்ட்ரோமீட்டர்களில் பாலிஸ்டைரீனை விரலால் தொட்டாலே தோல் எண்ணெய் கசிவுப்பாதை ஆகிவிடும்.

இவ்வளவு வேறுபாட்டையும் ஒரே மூச்சில் தாண்டிப்போவதுதான் மொத்தமாக மாற்றும் முறை. அதன் பெரிய குறை செலவு அல்ல. பழுது எங்கே என்ற தடயம் அழிந்துபோவது. எண்பது மின்தேக்கிகளை மாற்றிய பிறகும் கருவி எழவில்லை என்றால், பழைய பழுதோடு நாம் புதிதாக உண்டாக்கிய பழுதும் சேர்ந்துவிட்டதா என்று சொல்ல முடியாது. முனை மாற்றி வைத்த ஒன்றா, பெயர்ந்த தடமா, இணைந்துபோன பற்றவைப்பா? லீனியர் டெக்னாலஜியில் பல்லாண்டு பணிபுரிந்து 2011இல் மறைந்த ஜிம் வில்லியம்ஸ், 1991இல் தாம் தொகுத்து வெளியிட்ட அனலாக் சுற்றமைப்பு நூலில் பழுதுபார்ப்பதன் முக்கியத்துவம்பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சோதனைக் கருவியைப் பழுதுபார்ப்பது ஒரு பொறியாளருக்குச் சிறந்த பள்ளிக்கூடம் என்பது அவர் கட்சி. மூட்டையாக மாற்றுகிறவருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பதில்லை.

அளக்கும் கருவிகளில் முதலில் வேண்டியது இ.எஸ்.ஆர். மீட்டர். இது 100 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவெண்ணில், டிரான்சிஸ்டர்களை விழிக்கவைக்காத அளவு சிறு வோல்ட்டில் அளப்பதால் பெரும்பாலான எலக்ட்ரோலிட்டிக்குகளை போர்டிலிருந்து கழற்றாமலே பார்த்துவிடலாம். தேக்குத்திறன் 90 சதவீதம் இருந்தும் மின்தடை பத்து மடங்கு ஏறிய மின்தேக்கி சாதாரண மீட்டரில் தப்பிவிடும், இதில் தப்பாது. கசிவைப் பார்க்க வால்வுக் காலத்து ஹீத்கிட் சோதனைக் கருவிகள் இன்றும் நல்லவை; நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுத்துச் சோதிக்கும். ஆனால் அந்தச் சோதனைக் கருவிக்குள்ளும் பழைய மின்தேக்கிகள் இருக்கின்றன. வைத்தியத்தை வைத்தியரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானபின் பொருளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். தேக்குத்திறன் அதே அளவு, அல்லது சற்றுக் கூடுதல். பழைய எலக்ட்ரோலிட்டிக்குகளின் ஏற்றத்தாழ்வே மைனஸ் 10 முதல் பிளஸ் 50 சதவீதம்வரை இருந்ததால் சிறு வேறுபாடு ஒன்றும் செய்யாது. இடம் இருக்கிறதே என்று மூன்று மடங்கு போட்டால் இயக்கும் நொடியில் ரெக்டிஃபையர் மூச்சுத்திணறும். டாண்டலம் இருந்த இடத்தில் செராமிக் போடுகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும்: எக்ஸ்7ஆர் வகை செராமிக் டி.சி. வோல்ட் ஏற ஏறத் தேக்குத்திறனை இழக்கும். அதன் மிகக் குறைந்த மின்தடையால் சில ரெகுலேட்டர் சுற்றுகள் அலையத் தொடங்கிவிடும். வாங்கும்போது தயாரிப்புத் தேதிக் குறியைப் பாருங்கள். பதினைந்து ஆண்டு கடை அலமாரியில் கிடந்ததைப் புதியது என்று வாங்கிப் போடுவதில் அர்த்தமில்லை.

முனைக் குறியில் எத்தனையோ பேர் சறுக்கியிருக்கிறார்கள். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை போட்ட பக்கம் எதிர்முனை. மேற்பரப்பு டாண்டலத்தில் பட்டை போட்ட பக்கம் நேர்முனை. ஒரே போர்டில் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கும். பல பிரிவு கொண்ட பழைய டப்பாக்களில் ஒவ்வொரு முனைக்கும் அரைவட்டம், முக்கோணம், சதுரம் என்று குறி இருக்கும். எது எத்தனை மைக்ரோஃபாரட் என்பது டப்பாவின் பக்கத்தில் அச்சாகியிருக்கும். கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்மின் வரிசையில் நிற்கும் டப்பாவின் உடலே மைனஸ் 150 வோல்ட்டில் இருக்கலாம். அட்டை உறை போட்டிருப்பது அழகுக்காக அல்ல. திரைக்குழாய்க்குப் போகும் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட பகுதியில் சுவிட்சை அணைத்த பிறகும் மின்னேற்றம் நிற்கும். அதை ஸ்க்ரூ டிரைவரால் அல்ல, மின்தடை வழியே இறக்க வேண்டும்.

டெக்ட்ரானிக்ஸ் 500 வரிசை வால்வுக் கருவிகளில் உறுப்புகள் வெள்ளைப் பீங்கான் பட்டைகளின் பள்ளங்களில் பற்றவைக்கப்பட்டவை. அந்தப் பள்ளங்களில் வெள்ளி பூசியிருக்கிறது. சாதாரண ஈயம் உருகினால் வெள்ளியைக் கரைத்து இழுத்துக்கொள்ளும்; இரண்டு மூன்று முறை செய்தால் பள்ளத்தில் ஒன்றும் ஒட்டாது. 3 சதவீத வெள்ளி கலந்த ஈயம்தான் வேண்டும். வாங்குகிறவர் தேடி அலையக்கூடாது என்று தொழிற்சாலையே ஒரு சிறு சுருளைக் கருவிக்குள் வைத்து அனுப்பியது. பழுது வரும், யாரோ ஒருவர் திறப்பார் என்று நினைத்து வடிவமைத்த காலம் அது.

மாற்றிய பின் அளவுத்திருத்தம் செய்யாமல் மூடியை மூடாதீர்கள். பவர் சப்ளை வரிசைகளைக் கையேட்டில் உள்ள மதிப்போடு ஒப்பிட்டாவது பாருங்கள். மற்ற எல்லா அளவும் அதன்மேல்தான் நிற்கிறது. எந்தெந்த மின்தேக்கியை, எந்தத் தேதியில், எந்த மதிப்புக்கு மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். ஐம்பது மின்தேக்கிகள் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரு இ.எஸ்.ஆர். மீட்டர் வாங்குங்கள், மீதிப் பணத்துக்கு எதை வாங்குவது என்று அது சொல்லும்.